கிடைத்தற்கரிய திரைப்படமொன்றின் மூலபாடத்தைத் தேடல்: ‘மெற்றோபொலிஸ்’ தரும் பாடங்கள்

எந்தப் பாடத்தை ஆதாரமாகக் கொண்டு பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாமல் பண்டைய இலக்கியமொன்றைப் பற்றி எழுதுவதற்குத் தமிழ் ஆய்வாளர் எவரும் இன்று துணியமாட்டார். ஏடு எது, பதிப்பு எது, பாடவேறுபாடு யாது என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வின் வாயிலிலேயே எழுவன. ஆனால் திரைப்படத்தைப் பற்றிப் பேசும்பொழுது இவ்வெச்சரிக்கையைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறோம். திரையில் ஓடியது எதுவோ அதுவே இயக்குநர் ஆக்கிய படம் எனக் கொள்கிறோம். அதன்மேல் கருத்துநிலை விமரிசனத்தையும் கட்டியெழுப்புகிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொய்த்துப்போகக்கூடும் என்பதற்கு, உலகின் மிகப் புகழ்பெற்ற ஊமைப்படங்களில் ஒன்றான ‘மெற்றோபொலிஸ்’ என்னும் ஜேர்மன் திரைப்படத்தின் வரலாறு தக்க சான்றாகும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் முழுமையான வடிவத்தை உலகம் காணவில்லை. அது எவ்வாறு சிதைந்தது, எவ்வாறு தேடப்பட்டது, எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பவற்றை விளக்குவதும், அத்தேடல் முறையிலிருந்து நாம் பெறத்தக்கன எவையெனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அழியும் ஊடகம்

ஓலைச் சுவடிக்குக் கறையானும் காலமும் பகையாயின. திரைப்படத்துக்கு அது எழுதப்பட்ட பொருளே பகையாயிற்று. 1950களின் தொடக்கம் வரை முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சுருள்கள் செலுலோசு நைத்திரேற்று என்னும் பொருளாலேயே பெரிதும் செய்யப்பட்டன. அது எளிதில் தீப்பற்றும். பற்றிய தீயை அணைத்தல் மிகக் கடினம். தீப்பற்றாவிடினும், காலப்போக்கில் தானாகவே சிதைந்து, பசைபோலாகி, இறுதியில் துகளாகிவிடும். இவற்றுக்கு மேலாகப் பொருளாதாரக் காரணமொன்றும் உண்டு. திரையிடும் காலம் முடிந்த படம் வணிகனுக்குப் பாரம். அதைக் களஞ்சியப்படுத்தச் செலவாகும். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றாலோ சிறிது வருவாய் உண்டு. பேசும்படம் வந்தபின்னர் ஊமைப்படங்கள் பெருந்தொகையாக அழிக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 1912க்கும் 1929க்கும் இடையில் அந்நாட்டில் தயாரிக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களில், முதலில் வெளியிடப்பட்ட வடிவிலேயே எஞ்சியிருப்பவை நூற்றுக்குப் பதினான்கு மட்டுமே. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாடொன்றின் நிலையே இதுவெனின், ஏனைய நாடுகளின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதன் படியொன்றும் இன்று கிடைப்பதில்லை. 

2. பேர்லினில் காட்டப்பட்டதும் உலகம் கண்டதும்

பிறிட்ஸ் லாங் இயக்கிய ‘மெற்றோபொலிஸ்’ படத்துக்கான திரைக்கதையை அவருடைய மனைவியான தேயா வொன் ஹார்பு எழுதினார். 1925ஆம், 1926ஆம் ஆண்டுகளில் ஊபா நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடங்களில் இது உருவாயிற்று. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மார்க் செலவாயிற்று. அக்காலத்தில் ஜேர்மனியில் வேறெந்தப் படத்துக்கும் இத்துணைப் பணம் செலவிடப்பட்டதில்லை. எதிர்கால நகரமொன்றில், மேலே மாடமாளிகைகளில் உடைமை வர்க்கத்தினரும், நிலத்துக்குக் கீழே இயந்திரங்களோடு தொழிலாளரும் வாழ்கின்றனர் என்பதே கதையின் அடிப்படை. நகரத் தலைவன் யோ பிரெடெர்சனின் மகன் பிரெடர் தொழிலாளரின் நிலையைக் கண்டு கலங்குகிறான். தொழிலாளரிடையே அமைதியைப் போதிக்கும் மரியாவை நேசிக்கிறான். விஞ்ஞானி ரொட்வாங் ஆக்கிய இயந்திரப் பெண்ணுக்கு மரியாவின் உருவம் கொடுக்கப்பட்டு, அவளைக் கொண்டு தொழிலாளர் அழிவுக்குத் தூண்டப்படுகின்றனர். முடிவில் முதலாளியும் தொழிலாளியும் கைகோக்கின்றனர்.

1927 ஜனவரி 10ஆந் திகதி பேர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபொழுது படத்தின் நீளம் 4,189 மீற்றர். அவ்வடிவம் சில மாதங்களே காட்டப்பட்டது. இதற்கான காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். நிதி நெருக்கடியிலிருந்த ஊபா நிறுவனம், 1925இன் இறுதியில் பரமவுண்ட், மெற்றோ கோல்ட்வின் மேயர் என்னும் அமெரிக்க நிறுவனங்களிடம் கடன்பெற்று, அவற்றோடு விநியோக உடன்படிக்கை செய்திருந்தது. அதன்வழி ‘மெற்றோபொலிஸ்’ அமெரிக்காவுக்குச் சென்றபொழுது, படம் மிக நீண்டது, அமெரிக்கப் பார்வையாளருக்கு விளங்காதது எனக் கருதிய விநியோகத்தர், சானிங் பொலொக் என்னும் நாடகாசிரியரைக் கொண்டு அதனை வெட்டித் தைத்தனர். காட்சிகள் நீக்கப்பட்டன, இடையெழுத்துக்கள் புதிதாக எழுதப்பட்டன, கதையே வேறொன்றாயிற்று.

அதே ஆண்டில் ஊபா நிறுவனம் அல்பிரெட் ஹூகன்பேர்க்கின் கைக்கு மாறியது. இவர் பத்திரிகைத் துறையில் பெரும் முதலாளி. தீவிர வலதுசாரித் தேசியவாதி. 1933இல் ஹிட்லர் அமைத்த முதலாவது அமைச்சரவையில் அங்கம் வகித்தவர். புதிய நிர்வாகம் ஜேர்மனியிலும் அமெரிக்க வடிவத்தைத் தழுவியே படத்தைக் குறைத்தது. பொதுவுடைமைச் சாயல் உடையனவெனத் தான் கருதிய இடையெழுத்துக்களை நீக்கவும் விரும்பியது. 1927 ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் வெளியிடப்பட்ட வடிவம் 3,241 மீற்றர் நீளமே உடையது. ஏறத்தாழ நாலிலொரு பங்கு போய்விட்டது. 

அமெரிக்க மூலதனத்தின் சந்தைக் கணக்கும் ஜேர்மன் வலதுசாரி முதலாளித்துவத்தின் அரசியல் அச்சமும் ஒரு படத்தை ஒரே திசையில் வெட்டின என்பது மனங்கொள்ளத்தக்கது. ‘மெற்றோபொலிஸ்’ புரட்சிகரமான படமன்று. மூளைக்கும் கைக்கும் இடையே இதயம் நின்று சமரசஞ் செய்யவேண்டும் என்னும் அதன் முடிவு வர்க்க முரண்பாட்டை உணர்ச்சியால் மூடிமறைப்பது. லாங்கே பிற்காலத்தில் அம்முடிவைத் தாம் ஏற்கவில்லையெனக் கூறியுள்ளார். அத்தகைய மிதமான படத்தைக்கூட உடைமையாளர் அப்படியே விட்டுவைக்கவில்லை.

3. வெட்டியபின் மாறிய பொருள்

வெட்டப்பட்டவை அலங்காரக் காட்சிகளாயின் இழப்பு அழகியல் சார்ந்ததாக மட்டும் இருந்திருக்கும். உண்மையில் கதையின் காரணகாரியத் தொடர்பே அறுக்கப்பட்டது. மூலப்படத்தில் ஹெல் என்னும் பெண் முக்கியமானவள். ரொட்வாங் அவளைக் காதலித்தான். அவளோ பிரெடெர்சனை மணந்து, பிரெடரைப் பெற்றெடுத்தபொழுது இறந்துபோனாள். அவளை மீட்டுக்கொள்ளவே ரொட்வாங் இயந்திரப் பெண்ணை ஆக்குகிறான். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்தமையால், அமெரிக்க வடிவத்தில் ஹெல் முற்றாக நீக்கப்பட்டாள். அவள் போனதும் ரொட்வாங்கின் செயலுக்குக் காரணம் இல்லாதொழிந்தது. எனவே, களைப்பறியாது தொழிலாளருக்குப் பதிலாக உழைக்கும் இயந்திர மனிதரைப் படைப்பதே அவனுடைய நோக்கமெனப் புதிய காரணமொன்று புகுத்தப்பட்டது.

இதன் விளைவு யாது? இயந்திரப் பெண்ணைத் தொழிலாளியின் இடத்தைக் கைப்பற்றும் தானியங்கிப் பொறியின் குறியீடாக விளக்கிய விமரிசகர், தாம் லாங்கின் கருத்தை விளக்குவதாகவே எண்ணியிருப்பர். ஆனால் அவ்விளக்கத்தின் ஒரு பகுதி, பொலொக் எழுதிய இடையெழுத்துக்களை ஆதாரமாகக் கொண்டது. இடைச்செருகலை மூலமென மயங்கிப் பொருள்கூறிய உரையாசிரியரின் நிலைக்கு ஒப்பானது இது.

சிறு பாத்திரங்களுக்கு நேர்ந்த கதியும் கருதத்தக்கது. பிரெடெர்சனின் ஏவலில் மகனை வேவுபார்க்கும் ‘ஒல்லியன்’, வேலைநீக்கப்பட்ட செயலாளன் யோசபாத், பிரெடரோடு உடைமாற்றிக்கொண்டு மேல்நகரின் களியாட்டத்தில் மயங்கும் 11811ஆம் இலக்கத் தொழிலாளி ஆகியோர் குறுகிய வடிவத்தில் வந்துபோகும் நிழல்களாயினர். கண்காணிப்பு, வேலைநீக்கம், ஆசைகாட்டி மயக்குதல் ஆகிய மூன்றும் அதிகாரம் இயங்கும் வழிகள். அவற்றை ஏந்திநின்ற பாத்திரங்களே முதலில் கத்திக்கு இரையாயின. எஞ்சியது பிரமாண்டமான காட்சியமைப்பு. ஆதலால், காட்சியில் வல்லது, கதையில் வறியது என்னும் தீர்ப்பு இப்படத்துக்கு நெடுங்காலம் வழங்கலாயிற்று. வறுமையின் ஒரு பங்கேனும் வெட்டியவரால் நேர்ந்தது.

4. ஏடு ஒப்புநோக்கும் முறை

சிதைந்த படத்தை மீட்கும் முயற்சியில் பலர் ஈடுபட்டனர். 1930களில் நியூயோர்க் நவீனகலை அரும்பொருளகம் பெற்ற படி குறுகிய வடிவத்தைச் சேர்ந்தது. ஜேர்மன் சனநாயகக் குடியரசின் அரச திரைப்படக் காப்பகம் 1960களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் பல நாட்டுப் படிகளைத் திரட்டி ஒப்புநோக்கியது. 1984இல் ஜோர்ஜியோ மொரோடர் வண்ணமூட்டி நவீன இசைசேர்த்து வெளியிட்ட வடிவம் பலரைப் பார்க்கத் தூண்டியது. ஆயினும் அது மூலத்தை நாடியதன்று. முறையான பாட ஆய்வைச் செய்தவர் மியூனிக் திரைப்பட அரும்பொருளகத்தின் தலைவராயிருந்த என்னோ பற்றலாஸ் ஆவர்.

அவருடைய முறையைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர் உடன் விளங்கிக்கொள்வர். ஏடு கிடைக்காவிடத்து உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோளைக் கொண்டு மூலத்தை உய்த்துணர்வதுபோல, அவர் படத்துக்குப் புறத்தேயுள்ள சான்றுகளைத் தேடினார். அவற்றுள் நான்கு முதன்மையானவை. முதலாவது, ஹார்புவின் திரைக்கதை. இரண்டாவது, தணிக்கைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பதிவட்டை. இதில் இடையெழுத்துக்கள் அனைத்தும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்ட நிழற்படங்கள். நான்காவது, கொற்பிறிட் ஹூப்பேற்ஸ் அமைத்த இசையின் குறிப்பேடு. ஊமைப்படத்தோடு வாத்தியக் குழு இசைக்கவேண்டியிருந்தமையால், இன்ன காட்சிக்கு இன்ன இடத்தில் இசை மாறவேண்டும் என ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புக்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. காட்சி அழிந்தது, அக்காட்சிக்கான இசைக்குறிப்பு அழியவில்லை. எனவே என்ன இல்லை, எவ்விடத்தில் இல்லை, ஏறத்தாழ எவ்வளவு நேரம் இல்லை என்பனவெல்லாம் கணிக்கப்பட்டன.

இவ்வடித்தளத்தின்மீது மார்ட்டின் கேர்பர், மூர்ணவ் நிறுவனத்துக்காக மேற்கொண்ட மீட்டுருவாக்கம் 2001இல் பேர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. இல்லாத காட்சிகள் இருந்த இடங்களில் அவற்றின் சுருக்கம் எழுத்தில் தரப்பட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ என்னும் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றது; அப்பதிவேட்டிற் சேர்ந்த முதலாவது திரைப்படம் இதுவே. எஞ்சிய பகுதி என்றென்றைக்கும் அழிந்துவிட்டது என்பதே அப்பொழுது நிலவிய பொதுக் கருத்து.

5. புவனஸ் அயர்ஸ் படி

இழந்தது கிடைத்த இடம் ஜேர்மனியுமன்று, அமெரிக்காவுமன்று; ஆர்ஜன்ரீனாவின் தலைநகர். அடொல்போ வில்சன் என்னும் விநியோகத்தர், படம் குறுக்கப்படுமுன் வழங்கிய நீண்ட வடிவத்தின் படியொன்றைப் பெற்று, 1928இல் புவனஸ் அயர்ஸ் நகருக்குக் கொண்டுசென்றார். திரையிட்ட பின்னர் அது மனுவெல் பெஞ்ஞா ரொட்ரிகேஸ் என்னும் திரைப்பட விமரிசகரின் சேகரிப்பைச் சேர்ந்தது. 1960களில் அச்சேகரிப்பு அந்நாட்டின் தேசிய கலை நிதியத்திடம் சென்றது. பின்னர் நைத்திரேற்றுச் சுருள்கள் தீ அபாயம் உடையனவென்பதால், பதினாறு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருக்கிப் படியெடுக்கப்பட்டு, மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. 1992இல் அச்சிறு படி நகரின் திரைப்பட அரும்பொருளகத்தை அடைந்தது.

இங்கே கவனிக்கவேண்டியதொன்று உண்டு. படம் ஒளித்துவைக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பெயர் எவருக்கும் தெரியாததுமன்று. அது தட்டிலே, தன் பெயரோடு, பதினாறு ஆண்டுகள் இருந்தது. ‘மெற்றோபொலிஸ்’ படத்தின் படிகள் உலகெங்கும் இருந்தமையால் இதுவும் அவற்றுள் ஒன்றெனவே கருதப்பட்டது. பெயர் தெரிந்தமையே அதனைப் பார்க்காமல் விடுவதற்குக் காரணமாயிற்று.

சந்தேகத்தை எழுப்பியது ஒரு வாய்மொழிச் செய்தி. திரைப்படக் கழகமொன்றை நடத்திய சல்வடோர் சம்மரித்தானோ, பல ஆண்டுகளுக்கு முன் இப்படத்தைக் காட்டியபொழுது படச்சுருள் எறிகருவியில் ஒழுங்காக நில்லாமையால் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அருகில் நின்று விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது எனக் கூறியதுண்டு. இதைக் கேட்ட திரைப்பட வரலாற்றாசிரியர் பெர்னாண்டோ மார்ட்டின் பெஞ்ஞா, படத்தின் நேரத்தையே பற்றிக்கொண்டார். அறியப்பட்ட படிகள் அவ்வளவு நேரம் ஓடா. பார்க்கவேண்டுமென அவர் பல ஆண்டுகள் முயன்றும் வாய்ப்புக் கிட்டவில்லை. 2008 ஜனவரியில் அரும்பொருளகத்தின் பொறுப்பைப் பவுலா பெலிக்ஸ் டிடியே ஏற்றபின்னரே இருவரும் சேர்ந்து சுருள்களைத் திறந்து பார்த்தனர். உலகம் எண்பது ஆண்டுகள் காணாத காட்சிகள் அங்கே இருந்தன. அவ்வாண்டு நடுப்பகுதியில் அவற்றின் பிரதி பேர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நிபுணர்களுக்குக் காட்டப்பட்டது. ஜூலையில் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

6. நீளமும் நேரமும்

பெஞ்ஞாவின் ஊகம் சரியாயிற்று. ஆயினும் அச்சான்று எத்தகையது என்பதை நோக்குதல் ஆய்வுமுறைக்குப் பயன்தரும். முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 52 படங்கள் அடங்கும். செக்கனுக்கு 24 படங்கள் வீதம் ஓட்டினால் 4,189 மீற்றர் நீளமுள்ள வடிவம் ஏறத்தாழ 153 நிமிடம் ஓடும். 3,241 மீற்றர் வடிவம் 118 நிமிடம் ஓடும். ஆனால் ஊமைப்படங்களுக்கு நிலையான வேகம் இருக்கவில்லை. அதே குறுகிய வடிவத்தைச் செக்கனுக்கு 18 படங்கள் வீதம் ஓட்டினால் அது 157 நிமிடம் செல்லும். அதாவது, வெட்டப்பட்ட படமும் மெதுவாக ஓட்டப்படின் முழுப்படத்தைவிட நீண்டதுபோல் தோன்றக்கூடும்.

எனவே, ஒருவர் நினைவிலுள்ள நேரம் தேடலுக்குத் தூண்டுகோலாகலாமேயன்றி முடிந்த முடிபாகாது. சுருளை அளந்து, காட்சி காட்சியாகப் பிற படிகளோடு ஒப்பிட்டே முடிவு கூறவேண்டும். வாய்மொழியைப் புறக்கணித்திருந்தால் படம் தட்டிலேயே கிடந்திருக்கும். வாய்மொழியை மட்டும் நம்பியிருந்தால் ஆய்வு வதந்தியாயிருக்கும். இரண்டையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்தமையே இத்தேடலின் சிறப்பு. 

7. வடுக்களோடு கூடிய பாடம்

ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் புதிதாகக் கிடைத்தன. நியூசிலாந்துத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த வேறொரு படியும் சில துணுக்குகளைத் தந்தது. 2010 பெப்ரவரி 12ஆந் திகதி மீட்டெடுக்கப்பட்ட வடிவம் பேர்லினில் ஹூப்பேற்சின் இசையோடு காட்டப்பட்டது. முன்னர் புறச்சான்றுகளாக நின்ற இசைக்குறிப்பும் தணிக்கை அட்டையும் இப்பொழுது மீண்டும் பயன்பட்டன: புவனஸ் அயர்ஸ் படியின் காட்சியொழுங்கை அவற்றோடு வைத்துச் சரிபார்க்க முடிந்தது. முன்னைய ஊகங்கள் பல சரியெனத் தெரிந்தன, சில திருத்தப்பட்டன.

புதிய பகுதிகள் கண்ணுக்கு இனியனவல்ல. மூலச்சுருளில் ஏற்பட்டிருந்த கீறல்கள் அனைத்தும் படியெடுத்தபொழுது அப்படியே பதிந்துவிட்டன. மூலம் அழிக்கப்பட்டமையால் அவற்றை முற்றாக நீக்க வழியில்லை. பதினாறு மில்லிமீற்றருக்குச் சுருக்கியபொழுது படத்தின் ஒரு பக்கமும் மேற்புறமும் ஓரளவு வெட்டுண்டன. மீட்டோர் இக்குறைகளை மறைக்க முற்படவில்லை. அப்பகுதிகள் வரும்பொழுது படம் கருஞ்சட்டத்துக்குள் சிறுத்துத் தோன்றும். மழைபோலக் கீறல்கள் ஓடும். எது நன்கு பேணப்பட்டது, எது புறக்கணிப்பிலிருந்து மீண்டது என்பதைப் பார்ப்பவர் அறியலாம். இன்னும் கிடைக்காத இரு காட்சிகள் உள்ளன: தேவாலயத்தில் துறவி போதிப்பதும், பிரெடெர்சனும் ரொட்வாங்கும் கைகலப்பதும். அவ்விடங்களில் எழுத்து விளக்கமே தரப்பட்டுள்ளது.

புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்கள் சிலவற்றிலும் அடிகள் சிதைந்துள்ளன. உ. வே. சாமிநாதையரின் பதிப்பு மரபு அச்சிதைவுகளைப் புள்ளியிட்டுக் காட்டியதேயன்றித் தன் சொற்களால் நிரப்பவில்லை. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1880களில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தபொழுது ஏடுகள் அழிந்துகொண்டிருந்த வேகத்தைக் கண்டு பதைத்து உழைத்தார். இல்லாததை இல்லையெனக் காட்டும் நேர்மையும், இருப்பது அழியுமுன் அதனைப் பேணும் அவசரமும் பதிப்பாசிரியனுக்குரிய இரு பண்புகள். திரைப்பட மீட்பும் இவ்விரண்டையுமே வேண்டிநிற்கிறது.

8. நமது கடமை

இலங்கையின் முதலாவது திரைப்படமெனக் கூறப்படும் ‘ராஜகீய விக்கிரமய’ 1925இல் எடுக்கப்பட்டது. அதன் படி எஞ்சவில்லை. 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்புக் கூடம் எரியூட்டப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. இவற்றை ஒருங்குவைத்து நோக்கும்பொழுது நம் இழப்பின் தன்மை புலனாகும். படங்கள் மட்டுமல்ல, படங்களைப் பற்றிய விளம்பரமும் விமரிசனமும் செய்தியும் அடங்கிய புறச்சான்றுகளும் ஒருசேரத் தாக்குண்டன. பற்றலாசுக்கு மூலம் இல்லாவிடத்து இசைக்குறிப்பு இருந்தது. நமக்கோ மூலத்தையும் மேற்கோளையும் ஒன்றாக இழக்கும் நிலை ஏற்பட்டது.

‘சமுதாயம்’ (1962) தொடக்கம், ‘குத்துவிளக்கு’ (1972), தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) முதலாக இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களின் தொகை பெரிதன்று. அத்தொகை சிறிதாயிருப்பதே முழுமையான விவரப் பட்டியலொன்றை ஆக்குவதற்கு வாய்ப்பாகும். அப்பட்டியல் பெயரும் ஆண்டும் நடிகர் நிரலும் கொண்டதாக மட்டும் அமைந்தால் பயனில்லை; புவனஸ் அயர்ஸ் தட்டிலும் பெயர் இருந்தது. கிடைக்கும் ஒவ்வொரு படியும் எத்தனை சுருள், எத்தனை மீற்றர், எந்த அளவு, எக்காட்சி இல்லை என்பன அளந்து எழுதப்படல் வேண்டும். தணிக்கைச் சபைக்குக் கொடுக்கப்பட்ட நீளத்தோடும், பாட்டுப் புத்தகத்தோடும், துண்டுப்பிரசுரத்தோடும் அது ஒப்பிடப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, தேடல் படம் பிறந்த இடத்தோடு நின்றுவிடக்கூடாது. படம் விநியோகப் பாதையில் எங்கெங்கு சென்றதோ அங்கெல்லாம் அதன் படி தங்கியிருக்கலாம். பாதையின் கடைசி ஊரிலிருந்து பழைய படியைத் திருப்பி அனுப்புவதற்குச் செலவு அதிகம். ஆதலால் அது அங்கேயே விடப்படும். சிற்றூர்ப் படமாளிகைகளும், பதினாறு மில்லிமீற்றர்க் கருவியோடு படங்காட்டித் திரிந்தோரின் வீடுகளும், புலம்பெயர்ந்தோர் கொண்டுசென்ற வீடியோ நாடாக்களும் இவ்வகையில் நம் ஏட்டுச்சுவடிகளாகும். நாடாவிலுள்ள மங்கலான பிரதியைத் தரமற்றதெனத் தள்ளுவது தவறு. முழுப் ‘மெற்றோபொலிஸ்’ கீறல் விழுந்த சிறு படியொன்றிலேயே உயிர்பிழைத்தது.

மூன்றாவதாக, படங்காட்டிய தொழிலாளரின் நினைவு பதிவுசெய்யப்படல் வேண்டும். இயக்குநரையும் நடிகரையும் பேட்டி காண்போர் உளர். எறிகருவிக்கு அருகில் நின்றவர், சுருளை ஒட்டியவர், பெட்டியைப் புகையிரதத்தில் ஏற்றி அனுப்பியவர் ஆகியோரிடம் எவரும் வினவுவதில்லை. எந்தப் படத்தில் எந்தச் சுருள் குறைந்தது, எந்தக் காட்சி எந்த ஊரில் வெட்டப்பட்டது என்பதைக் கையால் அறிந்தவர்கள் அவர்களே. அவர்களுட் பலர் முதியோர். சிலர் இப்பொழுதே நம்மிடையே இல்லை. அவர்கள் கூறுவது சான்றாகாது, துப்பாகும் என்பதை மேலே கண்டோம். துப்பின்றித் தொடங்கிய தேடல் எதுவுமில்லை.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும்பொழுது அங்கிருந்த படமாளிகையின் எறிகருவி இயக்குநரைக் கண்டு ஒரு பிற்பகல் உரையாடி, அதனை எழுதிவைப்பாராயின், அதற்குப் பெருநிதியோ ஆய்வுகூடமோ வேண்டியதில்லை. பத்து மாணவர் இதனைச் செய்தால் பட்டியலின் முதற் பக்கம் எழுதப்பட்டுவிடும். இருப்பது எதுவென அறிந்தபின்னரே இழந்தது எதுவென அளவிட முடியும்.